ஒரு தலை குறைஞ்சதால நின்ன பஸ்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் கால் வீக்கம் வடிஞ்சுதா?

நம்ம ஊர் பஸ்ஸை நிறுத்திட்டாங்கன்னு அண்ணன் எழுதியிருந்ததைப் படிச்சதும் எனக்குச் சோறு இறங்கல. ஐநூறு பேர் இருந்தாத்தான் பஸ் வருமாம், நம்ம ஊர்ல ஒரு தலை குறையுதாம். அந்தத் தலை என்னோடதுதான். இங்கே மில் விடுதிக்கு ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கிட்ட, "இதுதான் என் வீடு"ன்னு பெருமையா பேரைக் கொடுத்தேன். அதனால ஊர்க் கணக்குல என் பேரை அடிச்சுட்டாங்க. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன், திட்டாதே.

இது கிடைச்ச அன்னிக்கே பால்வண்டியில ஏறி டவுன்ல உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. பிரசவ வலி வந்தப்புறம் மெயின்ரோடு வரைக்கும் ஆறு மைல் நடக்க முடியாது. போனதும் ரெண்டு வரி எழுது, வெறும் தாளா இருந்தாலும் அனுப்பு.

ஷிப்ட் சங்கு ஊதிட்டாங்க. பிள்ளை பிறந்ததும் முதல் வேலையா ஊர்க் கணக்குல சேர்த்துடு. அப்பன் நிறுத்தின பஸ்ஸை அதுவாவது கிளப்பட்டும்.