மச்சான் பெயரில் போன டியூப்

ஏப்ரல் 12, சனி

மகள் யும்னா பொங்கோலிலிருந்து சிங்கப்பூர்த் தீவின் இந்தக் கோடிக்கு, பூன் லேக்கு வந்தாள். கையில் பிரியாணி இருக்கும் என்று பார்த்தால், மலப் பரிசோதனைப் பை. எனக்கு இரண்டு டியூப், அவள் அத்தாவுக்கு இரண்டு. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். உயிரியல் சொல்லித்தரும் மகளைப் பெற்றால் பெருநாள் பலகாரத்துக்குப் பதில் இதுதான் வரும்.

ஏப்ரல் 16, புதன்

என்னுடைய இரண்டும் தபாலில் போய்விட்டன. வீட்டுக்காரர் ரவூப் மச்சான் தம் பங்கைத் தொடவே இல்லை. தேக்கா சந்தைக் கடையில் முப்பது வருடமாக மிளகாய்த்தூள் அளக்கிற கை, இதற்கு நீளமாட்டேன் என்கிறது.

"சீ, இதையெல்லாமா தபால்ல அனுப்புவாங்க? தபால்காரன் என்ன பாவம் செஞ்சான்?"

ஏப்ரல் 22, செவ்வாய்

யும்னா தினமும் அழைக்கிறாள். "அத்தா, செஞ்சாச்சா?" இன்று போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார்.

"ஆயிஷா, எனக்கும் சேத்து நீயே போட்டுடு லா. ரெண்டு பேரும் ஒரே சோறுதானே சாப்பிடுறோம்?"

இத்தனை வருடத்தில் இவர் பேசியதில் இதுதான் உச்சம். சிரித்து வயிறு வலித்தது. பிறகு யோசித்தேன் — மகளின் தொல்லையாவது ஒழியுமே?

ஏப்ரல் 24, வியாழன்

ரவூப் அவர்களின் டியூப்பை ரவூப் அவர்களின் மனைவி நிரப்பினாள். நாளை இரண்டாவது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மே 2, வெள்ளி

எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அவருக்கும் அப்படித்தான் வரும். என்னுடையதுதானே.

மே 9, வெள்ளி

இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். மறந்து வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. நர்ஸ். திரு. ரவூப்பின் மாதிரியில் ரத்தம் இருக்கிறது, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

யாருடைய ரத்தம்? போன வாரம்தானே எனக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். எது பொய்?

இவர் வந்ததும் சொன்னேன். "என்னது இல்லையே" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். யும்னாவிடம் பாதியை மட்டும் சொன்னோம் — அத்தாவுக்கு ரத்தமாம். மீன் குழம்பை இருவருமே தொடவில்லை. பயமாக இருக்கிறது.

மே 10, சனி

யும்னா அத்தாவை எதிரில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"குடல் உள்தோல்ல செல்லெல்லாம் சில நாள்லயே செத்து உதிர்ந்து புதுசா வரும் அத்தா. போதும், நிறுத்துன்னு சொல்ற ஜீன் ஒரு செல்லுல கெட்டுப்போச்சுன்னா, அது சாகாம பெருகிட்டே இருக்கும். மரு மாதிரி ஒண்ணு வளரும். அதுவே கேன்சர் இல்ல. இன்னும் சில ஜீனும் கெடணும், பத்து வருஷம்கூட ஆகும். அப்புறம்தான் சுவத்தைத் துளைச்சுட்டுப் போகும்."

போதும் என்றால் கேட்காத செல். பரோட்டா வைக்கும்போது இந்த வீட்டில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

அவரோ தெம்பாகத் தலையாட்டினார். என்னைக் காட்டி, "அம்மாவுக்குச் சுத்தம்னுதானே வந்துச்சு?" என்றார். மகளிடம் கேட்டதுபோல் இருந்தாலும் எனக்காகத்தான் கேட்டார்.

"அம்மாவுக்கு சரி. ஆனா மரு தினமும் ரத்தம் கசியாது அத்தா. அதனாலதான் ரெண்டு நாள் எடுக்கச் சொல்றாங்க. நாலு நாள் எடுத்தா இன்னும் நல்லா மாட்டும்."

இவர் முகம் செத்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"யும்னா, அது என்னது இல்லமா. நாலும் உங்கம்மாவோடது."

அவள் கத்தவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரே சோறுதானேன்னு..."

பரீட்சையில் காப்பியடித்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

மே 27, செவ்வாய்

நாளை எனக்குக் குழாய். குடல் கழுவும் மருந்தைக் குடித்ததிலிருந்து கழிவறையில்தான் குடித்தனம். வெளியே நாற்காலி போட்டு இவர், சாகக் கிடப்பவர்களுக்கு ஓதும் யாசீனை ஓதுகிறார்.

"நான் இன்னும் மவுத்தாகல மச்சான். வேற சூரா ஓதுங்க."

ஜூன் 14, சனி

குழாய் விட்ட அன்றே மருவை வெட்டி எடுத்தார்கள். அதன் தலையில் இருந்த செல்கள் புற்றாகவே மாறியிருந்தனவாம். காம்பைத் தாண்டவில்லை, வெட்டிய ஓரம் சுத்தம், வேறு சிகிச்சை வேண்டாம். அடுத்த வருடம் மறுபடி குழாய். அல்ஹம்துலில்லாஹ்.

இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் என்று தொடங்கிய டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்ததை நம்பி நான் அந்த இரண்டு வருடத்தையும் விட்டிருப்பேன். இவர் அடம்தான் என்னைக் காப்பாற்றியது. அதை இவரிடம் சொல்லப்போவதில்லை. அப்புறம் இவரைக் கையில் பிடிக்க முடியாது.

யும்னா அத்தாவுக்குப் புதுப் பை கொண்டுவந்து தந்திருந்தாள். நேற்றும் இன்றும் கழிவறைக் கதவு வெகுநேரம் பூட்டியே கிடந்தது. வெளியே வந்தவர் ஒட்டிய உறையை என்னிடம் நீட்டினார்.

"போஸ்ட்ல போட்டுடு லா."

"உங்க பங்கு மச்சான். நீங்களே போடுங்க."

உறையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கீழே போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். தபால் பெட்டி முன்னால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருடன் மாதிரி உள்ளே தள்ளினார்.

மேலே வந்ததும் பசிக்கிறது என்றார். சோறு போட்டேன். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கம் வராது. இந்தத் தடவை அது அவருடையது.