வெள்ளாற்றுக்காரி எழுதிய அபிப்பிராயங்கள்

இன்று மதியம் கடைக்கு ஒரு அம்மா வந்தார். புதுக் கண்ணாடியில் எழுத்து தெரிகிறதா என்று பார்க்க நான் நீட்டிய அட்டையை அவர் வாங்கவில்லை. "அதுல என்னா இருக்குது, நாலு வரி. நான் படிக்கறதுலயே பாத்துக்கறேன்" என்று பையிலிருந்து ஒரு காதல் நாவலை எடுத்துப் பிரித்தார். மட்டமான தாளும் மையும் கலந்த அந்த வாசனை மேஜைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. அட்டையில் பால் நிறத்தில் ஒரு பெண், அவள் தோளில் ஒரு ஆணின் கை.

"இந்தப் பொண்ணு எந்த ஊர்டி? நம்ம பஸ் ஸ்டாண்டு வெயில்ல ஒரு நாளாவது நின்னிருப்பாளா?" என்று நீ கேட்பது போலவே இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். அவர் போன பிறகு, நீ உட்காரும் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் இந்தக் கண்ணாடிக் கடையில் நாம் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கடலூர் முதுநகரில் பஸ் ஏறுவேன். வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் உன் ஊர். பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பையை வைத்து உனக்கு இடம் பிடித்திருப்பேன். நீ ஏறியதும் போனை எடுப்பாய். முதல் நாள் படித்த தொடர்கதையின் அடுத்த பகுதி வந்திருக்கும். இருவரும் ஒரே போனில் படிப்போம். நான் முடிக்கும் முன்பே நீ பக்கத்தைத் தள்ளிவிடுவாய்.

எனக்குப் பிடித்த கதைகள் வேறு. கோபக்காரக் கதாநாயகன், பெரிய எஸ்டேட், கட்டாயக் கல்யாணம், அப்புறம் மெல்ல மெல்ல அன்பு. உனக்கு அது எரிச்சல். "ஏன்டி, கதையிலகூடவா கஷ்டத்தப் படிக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டேன். "நான் கஷ்டத்தக் கேக்கல. ஆளுங்களக் கேக்கறேன். இந்த பஸ்ஸுல இருக்கறவங்கள்ல ஒருத்தராவது இந்தக் கதையில இருக்காங்களா பாரு" என்றாய். நான் நிமிர்ந்து பார்த்தேன். மீன் கூடையோடு ஒரு அம்மா, பரங்கிப்பேட்டைக்குப் போகும் பாய் ஒருவர், காலேஜ் பிள்ளைகள், ஊன்றுகோலை மடியில் வைத்திருந்த ஒரு பெண். ஒருவர்கூட இல்லை.

அந்த ஊன்றுகோல்காரப் பெண்ணைக் காட்டித்தான் நீ சொன்னாய்: "இவ கதையில வந்தா கதாநாயகியோட சிநேகிதியா வருவா. கடைசியில செத்துப்போவா. அவ செத்தாத்தான் இவங்க ரெண்டு பேரும் அழுது ஒண்ணு சேர முடியும்."

படித்த ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் நீ அபிப்பிராயம் எழுதினாய், வெள்ளாற்றுக்காரி என்ற பெயரில். முஸ்லிம் வீடு என்றால் பிரியாணி மட்டும்தானா, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை பயம் இருக்காதா என்று கேட்டாய். திருநங்கை வந்து மணமக்களை வாழ்த்திவிட்டுப் போய்விடுகிறாள், அவளுக்கென்று ஒருவரும் காத்திருக்க மாட்டார்களா என்று எழுதினாய். 'இருவரும் வேறு வேறு இனம்' என்று பட்டும் படாமல் எழுதிய ஒரு கதைக்கு நீ எழுதியது எனக்கு இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது. 'எந்தத் தெரு என்று சொல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு காதலும் நடக்காது. ஊரா, காலனியா என்று எழுதுங்கள். எழுதப் பயமாக இருந்தால், அந்தப் பயத்தையாவது எழுதுங்கள்.'

அதற்கு அந்த எழுத்தாளர் பதில் போடவில்லை. உன்னைப் பாராட்டி முந்நூறு பேர் எழுதினார்கள். அன்று பஸ்ஸில் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் என் வாயைத் திறந்தது.

ஆடி மாதத்தில் ஒருவர் நம் கடைக்குக் கண்ணாடி போட வந்தார். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகள் 'பிரதர்' என்று கூப்பிட்டுப் பழகியதால் நாமும் பிரதர் என்றே கூப்பிட்டோம். விலாசம் எழுதும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், "சர்ச் தெரு, காலனி" என்று முழுசாகச் சொன்னார். நீ பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாய். ஒரு கண்ணாடிக்கு ஆறு முறை வந்தார். மூக்கில் அழுத்துகிறது, காதில் உரசுகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். "பிரதருக்கு மூக்கு தினமும் வளருது போல" என்று நான் சொன்னதற்கு நீ முதல் முறையாக வெட்கப்பட்டாய்.

புரட்டாசியில் நீ ஒரு அபிப்பிராயம் எழுதினாய். ஒரு கதையில் வரும் கிறிஸ்தவப் பையன் எப்போதும் கிடாரோடு திரிகிறான் என்பதற்காக. 'எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். கிடார் தெரியாது. கையில் டெட்டால் வாசனை. தன் தெருப் பெயரைக் குரல் தாழ்த்தாமல் சொல்வார். முதுநகர் ரயில்வே கேட்டில் எனக்காக மழையில் நின்றிருக்கிறார். அவரை எழுதுங்கள், நான் படிக்கிறேன்.'

அதைப் படித்ததும் "இது வேண்டாம்டி, அழிச்சிடு" என்றேன். "யாருக்குத் தெரியும் வெள்ளாற்றுக்காரி யாருன்னு? உனக்கும் அவருக்கும்தான்" என்றாய்.

அடுத்த வாரம் உன் அண்ணன் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார், கண்ணாடி போட. நீ உள்ளே அம்மாவுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் என் எதிரில் உட்கார்ந்து, என் ஊர், என் அப்பா பெயர் எல்லாம் விசாரித்தார். நாங்களும் உங்கள் ஆட்கள்தான் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "நம்ம பொண்ணுதானா" என்றார்.

"பாப்பா எப்பப் பாத்தாலும் போன்ல என்னமோ எழுதிக்கிட்டே இருக்குது தங்கச்சி. நல்லா எழுதுதுன்னு கேள்விப்பட்டேன். எங்ககிட்ட காட்ட மாட்டேங்குது. கூடப் பொறந்தவன் நான் படிக்கக்கூடாதா?"

"ரொம்ப நல்லா எழுதுவாண்ணா. முந்நூறு பேர் பாராட்டி எழுதியிருக்காங்க."

"அப்படியா. எந்தப் பேர்ல எழுதுது?"

நான் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எனக்கு முன்னாலேயே அந்தப் பெயரைத் தட்டினார். "வெள்ளாற்றுக்காரி. பேர் நல்லாருக்குதே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் நீ பஸ்ஸில் ஏறவில்லை. உடம்பு சரியில்லை என்று கடைக்குச் சொல்லியிருந்தார்கள். உன் போன் அணைந்துகிடந்தது. வெள்ளாற்றுக்காரியின் அபிப்பிராயங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. காலையில் நாற்பது இருக்கும், சாயங்காலம் முப்பது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, படித்துப் படித்து அழிப்பது போல. பிரதர் கடை வாசலில் வந்து நிற்பார். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார்.

மூன்று வாரம் கழித்து அம்மாவின் கண்ணாடியை வாங்க நீயே அம்மாவோடு வந்தாய். இளைத்திருந்தாய். முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாய். அம்மாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு என் பக்கம் வந்தாய்.

"அண்ணன் எல்லாத்தையும் படிச்சிட்டாருடி. ஒண்ணு விடாம. சாப்பிடறப்ப எனக்கே படிச்சுக் காட்டுவாரு. சிரிச்சிக்கிட்டே படிப்பாரு. அடிக்கறப்பகூட எனக்கு அவ்வளவு பயம் வரல."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?" என்று நான் கேட்டேன். ஆமாம், கேட்டேன். என் வாயால் நானே கேட்டேன்.

"யாரு சொன்னான்னு தெரில" என்றாய். என்னைப் பார்த்தபடியே சொன்னாய். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்ததா, இல்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் கண்ணாடி உறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னாய். "வர்ற புதன்கிழமை கடலூர்ல கல்யாணத்தப் பதிவு பண்றதுக்கு எழுதிக் குடுக்கறோம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு வந்துடுவேன். சாட்சிக்கு நீ வரணும். ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்க."

"பாக்கலாம்டி" என்றேன்.

சனிக்கிழமை உன் அம்மாவின் போனிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'புதன் காலை பத்து மணி. மறந்துடாத. பச்சை புடவை கட்டிக்கிட்டு வா, உனக்கு நல்லாருக்கும்.' நான் பதில் போடவில்லை. யார் கையில் அந்தப் போன் இருக்குமோ என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யவில்லை என்பதுதான் உண்மை.

திங்கட்கிழமை காலை உன் நிறுத்தத்தில் ஏறிய ஒரு அம்மா கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வயித்து வலி தாங்காம மருந்தக் குடிச்சிடுச்சாம். நேத்து சாயங்காலமே எடுத்துட்டாங்க." எந்த வீடு என்று கண்டக்டர் கேட்டார். அந்த அம்மா சொன்ன பதிலைக் கேட்டதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

உன் வீட்டு வாசலில் பந்தல்கூட இல்லை. திருநீறும் மொட்டைத் தலையுமாக உன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, உள்ளே திரும்பிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"வா தங்கச்சி. நீ சொன்னதாலதான் எங்களுக்கு விஷயமே தெரிஞ்சுது. இல்லன்னா மானம் போயிருக்கும். உன்ன மறக்க மாட்டோம்."

அந்தத் தண்ணீரை நான் குடித்தேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

பிரதர் மறுநாளே போலீசில் எழுதிக் கொடுத்தார். அவர் யார், உனக்கு என்ன உறவு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது நாள் என்னிடம் வந்தார். "சிஸ்டர், நான் சொன்னா காலனிக்காரன் சொல்றான்னு போயிடும். அவ உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருந்தா நீங்க சொல்லுங்க" என்றார். கண்ணில் கண்ணாடி இல்லை. எங்கே என்று கேட்டேன். உடைத்துவிட்டார்கள் என்றார்.

நான் போனேன். என் அப்பா வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்தினார், அப்படியும் போனேன். அந்தச் செய்தியைக் காட்டினேன். புதன்கிழமைக்குப் புடவை நிறம் வரைக்கும் யோசித்தவள் ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்வாளா என்று கேட்டேன். வழக்குப் பதிவானது. உன் அண்ணனைக் கைது செய்தார்கள், பிறகு ஜாமீனில் விட்டார்கள். உன்னை எரித்துவிட்டதால் வழக்கில் அந்தச் செய்தியையும் என் சாட்சியத்தையும் விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார் வக்கீல். அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்த உன் அண்ணன் சில நாட்களில் நம் பஸ்ஸில் ஏறுகிறார். இரண்டு வரிசை பின்னால் உட்காருவார். இறங்கும்போது, "நல்லா இருக்கியா தங்கச்சி" என்று கேட்பார். அதே சிரிப்பு.

போலீசில் எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. உன் பெயரை அவருக்குக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிரதரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. நான்தான்டி.

நான் இன்னும் காதல் கதைகள் படிக்கிறேன். எஸ்டேட் கதைகளைப் படிக்க முடிவதில்லை. இப்போது எழுதுகிறவர்கள் சிலர் தெருவின் பெயரைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், உனக்குப் பிடித்திருக்கும். ஆனால் அவர்கள் கதைகளில் எதிர்க்கிறவர்கள் எல்லோரும் மீசையை முறுக்கிக்கொண்டு கத்துகிறார்கள். போன மாதம் என் சொந்தப் பெயரில், முதல் முறையாக, ஒரு கதைக்குக் கீழே அபிப்பிராயம் எழுதினேன். 'கத்துகிறவரை எல்லோருக்கும் தெரியும். தங்கையின் எழுத்தை ஆசையாக விசாரிக்கிறவரை எழுதுங்கள். அவருக்கு நம்பிப் பதில் சொன்ன சிநேகிதியையும் எழுதுங்கள்.'

மறுநாள் அதற்குக் கீழே ஒரே ஒரு பதில் வந்திருந்தது. படம் இல்லை, பெயர் இருக்கும் இடத்தில் வெறும் எண்கள். 'நல்லா எழுதற தங்கச்சி. எல்லாத்தையும் படிக்கறேன்.'

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அழிக்கவில்லை. வக்கீலுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினேன். வரும் மாதம் கடலூர் கோர்ட்டில் என் சாட்சி. யாரும் கேட்காத அந்த ஒன்றையும் அங்கே, உன் அண்ணனும் பிரதரும் கேட்கும்படி, நானே சொல்லப்போகிறேன்.