பிரேக் மிதிக்க ஒரு ஆள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் சரியாக வருவதில்லை. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசி வரை படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் எழுதுகிறேன். படிப்பில்லாதவள் எழுத்து, நிதானமாகப் படி.

அப்பா போன அன்றைக்கு நீ வந்தாய். கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். அவரை வெளியே கொண்டுவந்தபோது பார்த்தாய். எல்லாம் முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிட்டாய். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பிடிவாதத்தில் நீ அவருக்கும் ஒரு படி மேல். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வண்டி விஷயமாக எழுதுகிறேன்.

நம் கார் வண்டியை எதிர்வீட்டுக்காரர் விலைக்குக் கேட்டார். சும்மா நிற்கிறதுதானே என்று, ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை, ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். "பிரேக்க மிதிச்சா கால் தரையில போய் இடிக்குதுக்கா. ஹேண்ட் பிரேக் மட்டும் இல்லன்னா இன்னிக்கு நான் காலி" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ கேட்காமல் வண்டியை எடுத்துக் கேட்டில் இடித்த அன்றைக்கு இதையேதான் சொன்னாய். "மிதிச்சேம்ப்பா, பிடிக்கல" என்று அழுதாய். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற நானும் சிரித்துத் தொலைத்தேன். "இனிமே என் வண்டியில கால் வெக்காத" என்று அவர் சொல்ல, "உங்க வீட்டுலயே வெக்கல" என்று நீ பெட்டியை எடுத்தாய். இரண்டு பேரையும் நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்த மறுநாள் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன். வாய் ஓயாத ஆள். முன்பக்க மூடியைத் திறந்து, "பிரேக் ஆயில் டப்பா காஞ்சு கிடக்கேம்மா, இதுக்குக் கொஞ்சம் சோறு போட்டிருக்கக் கூடாதா" என்றான். புது ஆயில் ஊற்றினான், கொஞ்ச நேரம் பிரேக்கை மிதித்தான், பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தான். பின்பக்கம் இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக வழிந்திருந்தது. தொட்டு என்னிடம் காட்டினான். இன்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்குமாம். இது வெளிறிப்போய் வழவழவென்றிருந்தது.

சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்ன சிலிண்டர், அதற்குள் ரப்பர். அந்த ரப்பர் தேய்ந்துபோய்த்தான் கசிந்திருக்கிறது. ஒரேயடியாகப் போகாதாம். ஒரு மிதிக்குப் பிடிக்கும், இன்னொரு மிதிக்குக் கைவிட்டுவிடுமாம். "நமக்கு முன்னாடியே யாரோ கை வெச்சிருக்காங்களே, திருகெல்லாம் சுத்தமா தொடச்சிருக்கு" என்றான். வேறு யாரும் வரவில்லையே என்றேன். துடைக்கத் துணி தேடி முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற பெட்டியைத் திறந்தவன் கையில் ஒரு பொட்டலம் கிடைத்தது. அதே சக்கரத்துக்குப் போடுகிற புது ரப்பர், பிரிக்காமல் இருந்தது. "சாரே எல்லாம் கண்டுபிடிச்சு வாங்கி வெச்சிருக்காரு. மாட்டாம ஏன் விட்டாரு?" என்று என்னைக் கேட்டான்.

அப்போதுதான் எனக்கு அந்த அட்டைகள் ஞாபகம் வந்தன. நீ போன பிறகு அப்பா தினமும் நாலு சக்கரத்துக்கும் கீழே அட்டை போட்டு வைப்பார். காலையில் குத்துக்காலிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். தரை கறையாகக் கூடாது என்று போடுகிறார் என்று நினைத்தேன். "இந்த வயசுல மனுஷனுக்கு என் தரை மேல அக்கறை வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு பேசினேன். பிறகு வண்டியை எடுப்பதையே விட்டுவிட்டார். கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தார். நீ சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, கண்ணே. வாய் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை.

ரப்பரை மாற்றி, ஊறிப்போன பிரேக் கட்டைகளையும் மாற்றிய பிறகு, "ஏறி உக்காருங்கம்மா" என்றான். குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட. தனி ஆளாக ஆகாதாம். எனக்கா தெரியாது? அது உன் வேலையாயிற்றே. சின்னப் பிள்ளையில் கால் எட்டாமல் சீட்டு நுனிக்குச் சரிந்து உட்கார்ந்திருப்பாய். "மிதி, பிடிச்சுக்கோ, விடு" என்று கீழேயிருந்து அவர் குரல் வரும். "விட்டாச்சு முதலாளி" என்பாய். எனக்கு அடுக்களை வரை கேட்கும்.

நீ போன பிறகு ஒரு நாள் அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் வந்து வண்டியில உக்காரேன்" என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். "சரி, இருக்கட்டும். அவ வந்தா பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். எவள் வந்தால் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன்.

நான் மிதிக்க மிதிக்க, குழாயில் குமிழ் வருவது நின்றது. பிரேக் கல் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நாள் ஓடிய பிறகு இன்னொரு தடவை காற்று எடுத்துப் பார்க்க வேண்டும், தானே வருவதாக மெக்கானிக் சொன்னான். வேண்டாம், வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரரிடமும் வண்டி விலைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அவரே தினமும் தெருவைச் சுற்றி ஓட்டித் தருகிறார்.

அந்தத் திருகை எப்படித் திறந்து மூடுவது என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு முழங்கால்தான் மடங்காது, படுக்க முடியும். நான் கீழே படுத்துக்கொள்கிறேன். நீ வீட்டுக்குள் வர வேண்டாம், உன் சொல் உன்னோடு இருக்கட்டும். வண்டி கேட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதில் ஏறி உட்கார்ந்து மிதித்தால் போதும். கால் வைக்காதே என்று சொன்னவர், நீ வருவாய் என்றுதான் அந்த ரப்பரை வாங்கி வைத்திருந்தார்.

நீ ஓட்டுகிற வண்டி எதுவானாலும், நீ மிதித்த இடத்தில் நிற்கட்டும், தாயே.

கேட்டைத் தாழ் போடாமல் வைத்திருக்கும்,
உன் அம்மா.