வயிற்றுத் தோலில் கீறிய கோடு

மச்சான்,

ஊறப்போட்ட தோலின் வாடை காலையிலிருந்தே வீடு முழுக்க நிற்கிறது. இந்த வாடை வந்தால் நீயும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறாய்.

பெட்டியைத் திறந்தேன். கோடு போடும் கருவிகள் இரண்டும் உள்ளே கிடக்கின்றன. ஒன்று தோலைக் கீறிப் பள்ளம் எடுக்கும் உளி. மற்றது மழுங்கிய இரும்பு. ஈரத்தோலில் அழுத்தி இழுத்தால் தடம் மட்டும் விழும். தையல் நூல் அந்தக் கோட்டுக்குள் அமுங்கிக் கிடந்தால்தான் கல்லில் உரசி அறுந்துபோகாது. எதை எடுப்பது என்பதில்தான் நமக்குள் எப்போதும் சண்டை. எனக்கு உளிதான் பிடிக்கும். கோடு நேராக விழும், பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். நீயோ தோலின் ஓரத்தை இரண்டு விரலால் மடித்துப் பார்க்காமல் எதையும் தொடமாட்டாய். "தோலக் கேட்டுப்போட்டுக் கருவிய எடு மாப்ளே. முதுகுத் தோலு கீறுனாத் தாங்கும், வவுத்துத் தோலு தாங்காது" என்பாய். தோலுக்கு வாய் இருக்கிறதா என்று நான் கேலி செய்வேன்.

அந்தப் பங்குனியில் நிலக்காரப் பண்ணாடியின் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக்குப் புது வால் கேட்டிருந்தார்கள். மாடுகள் இழுக்க மேலே வரும் சாலிலிருந்து தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் தோல் குழாய். நீ சந்தைக்குப் போயிருந்தாய். தோலின் ஒரு ஓரம் வயிற்றுப் பக்கம், மெல்லிசாக இருந்தது எனக்கும் தெரிந்தது. நீ வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்ற திமிர். உளியை எடுத்து இழுத்துவிட்டேன். நீ திரும்பியபோது வால் தோட்டத்துக்கே போய்விட்டிருந்தது.

ஒன்பதாம் நாள், கோட்டின் வழியாகவே கிழிந்தது. வேறு தோல் கிடைத்துத் தைத்துக் கட்டுவதற்குள், பூவும் பிஞ்சுமாக நின்ற மிளகாய் சருகாகிவிட்டது.

பண்ணாடி கிழிந்த வாலை நம் முன்னால் வீசி, "எவன்டா கோடு போட்டவன்?" என்று கேட்டார். நான் குனிந்து வாலை எடுத்தேன். "நாந்தானுங்க பண்ணாடி" என்றாய் நீ. அப்புறம் என்னிடம், "என்ற தங்கச்சி நெறமாசக்காரி. நீ ஊர உட்டுப் போனீன்னா அவ கதி என்னாவறது? நா ஒண்டிக்கட்டை" என்றாய்.

அதன்பின் நம் ஊர் எருத்தேன்பதியில் உனக்கு ஒருத்தரும் ஒரு செருப்பு வார் தைக்கக்கூடக் கொடுக்கவில்லை. மலையில் சக்குபள்ளம் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போனாய். இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாய் என்று செய்தி மட்டும் வந்தது. உன்னைப் புதைத்த இடம்கூட எங்களுக்குத் தெரியாது. நான் கோழை, மச்சான். இத்தனை வருஷத்தில் உன் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் பண்ணாடி வந்து புது வாலுக்கு ஊறப்போட்ட தோலைப் பார்த்தார். "உன்ற மச்சான் கெடுத்தானே, அந்தாட்டம் ஆயிறாமப் பாத்துக்கப்பா" என்றார். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார், நானும் தலையாட்டுவேன். இன்று முடியவில்லை.

"அன்னைக்குக் கோடு கீறுனது நானுங்க. அவன் ஊர்லயே இல்லீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "செத்தவனுக்காவப் பழியத் தூக்கித் தலைல போட்டுக்கறயே. உன்னையாட்ட மனசு யாருக்கப்பா வரும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் தண்ணீருக்குப் போய் வந்த உன் தங்கை குடத்தை இறக்காமலேயே அழுதாள். கிணற்றடியில் எல்லோரும் இதையேதான் பேசுகிறார்களாம். "எங்கண்ணன் மேல உங்களுக்கு இத்தன பாசமுங்களா?" என்று கேட்டாள்.

நான் குடத்தை வாங்கி இறக்கி வைத்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, மச்சான்.