அட்டையைக் கேளுங்கள்

அக்டோபர் 9, செவ்வாய்

தேவாலயப் பங்கு மண்டபத்தில் இன்று எரிவாயுப் பாதுகாப்பு பற்றி என் பேச்சு. ஆட்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். வந்தவர்களிலும் பாதிப் பேர் தேநீருக்கும் கேக்குக்கும் வந்தவர்கள். ஒரு அம்மாள் சீட்டுக் குலுக்கல் என்று நினைத்து வந்து, கடைசிவரை எண்ணைக் கூப்பிடுவேன் என்று காத்திருந்தாள்.

வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரில் யார் கைவைக்க வந்தாலும் முதலில் உரிம அட்டையைக் கேளுங்கள். புகைக்குழாயைத் தப்பாகப் பொருத்தினால் விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் மேயோ மாவட்டத்துக்காரர்களை மிஞ்ச அயர்லாந்திலேயே ஆளில்லை.

முடிந்ததும், என் தம்பி வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் டீலியா கேட்டாள்: "நம்ம மலக்கிகிட்ட கூடவா அட்டை கேக்கணும்?"

"அவர்கிட்டயும்தான்."

"நல்லா இருக்கே! எங்க வீட்டுக்காரருக்குக் குழி வெட்டின மனுஷன்கிட்டப் போயி அட்டையைக் காட்டுன்னு கேக்கச் சொல்றியா?"

மண்டபமே சிரித்தது. இருபது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன், எங்கள் ஊரில் மட்டும்தான் இந்தக் கேள்வி வருகிறது. இங்கே சாவு விழுந்தால் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் மண்வெட்டியோடு போவார்கள். கூலி கிடையாது. விஸ்கியும் சாண்ட்விச்சும் கொண்டுபோய்க் கொடுப்போம், அவ்வளவுதான். மலக்கி எந்தக் குழிக்கும் போகாமல் இருந்ததில்லை. கூரை, குழாய், மின்சாரம், பாய்லர் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் எதற்கும் உரிமம் இல்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

பூசை முடிந்து ஃபின்டன் வீட்டில் சாப்பாடு. அப்பா அம்மா இருந்த வீடு, இப்போது தம்பியும் அவனுடைய ஆடுகளும்தான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியே ஐம்பதைத் தாண்டிவிட்டான்.

சமையலறைக்குள் போனதும் பார்த்தேன். புது பாய்லர்.

"யார்டா போட்டது?"

"முட்டைக்கோஸ் ஆறுது, முதல்ல சாப்பிடு."

"ஃபின்டன்!"

"மலக்கிதான். வேற யாரு? பழசு நின்னு போச்சுன்னு பூசையில ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் காலையில வந்து நிக்கறார்."

"நான் என்ன வேலை பாக்கறேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ஊரே உன்னை அட்டைக்காரின்னுதானே சொல்லுது!" சிரிப்பு வேறு.

சுவாலை மஞ்சளாக எரிந்தது. நீலமாக எரிய வேண்டும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. இரண்டையும் காட்டினேன். "மஞ்சளும் ஒரு நெறம்தானேக்கா" என்றான். எனக்கு இறைச்சி இறங்கவில்லை.

அக்டோபர் 19, வெள்ளி

உரிமம் உள்ள ஆளைப் பிடித்தாயிற்று. கியோ என்று பெயர். குளிர் தொடங்கிவிட்டதால் தலைக்கு மேல் வேலையாம், நவம்பர் 6-க்குத்தான் வர முடியும் என்கிறார். அதுவரைக்கும் விஷவாயு அலாரம் ஒன்றை நானே கொண்டுபோய்ச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன்.

"மலக்கி பாத்தா என்ன நினைப்பார்க்கா? அவர் வேலை மேல நம்பிக்கை இல்லைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?"

"நீ உயிரோட இருக்கேன்னு நினைப்பார்."

அதற்கும் சிரித்தான். இவனோடு கோபப்படவும் முடிவதில்லை.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்குப் பூவோடு போனால் அங்கே மலக்கி, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். யாரும் சொல்லாமல் செய்கிறார்.

"உன் பேச்சுல என் தலைதான் உருளுதாமே நோரீன்?"

"உங்க பேரை நான் சொல்றதே இல்லை."

"சொல்லணுமா? ஊருல அட்டை இல்லாதவன் நான் ஒருத்தன்தானே!"

பக்குவமாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கியோவைக் கூட்டிக்கொண்டு நீங்களே போய் அந்த பாய்லரை ஒருமுறை பார்த்துவிடுங்கள், மனஸ்தாபம் இல்லாமல் முடிந்துவிடும் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. சுரண்டுவதை நிறுத்தினார்.

"இங்க கீழ முழுக்கப் பாறை. உங்கப்பாவுக்கு வெட்டுறப்ப மழை கொட்டிட்டு இருந்துச்சு. அன்னிக்கு யாராவது எங்கிட்ட அட்டை கேட்டீங்களா?"

பூவை வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 6, செவ்வாய்

கியோ தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க தம்பி வர வேண்டாம்னுட்டாரே மேடம்?"

ஃபின்டனைப் பிடித்தேன்.

"அவர் வண்டியில அவ்வளவு பெரிசா பேர் எழுதியிருக்குக்கா. அது நம்ம கேட்ல நின்னா, மலக்கி அந்த வழியாத்தானே கடைக்குப் போவார்?"

"பின்னால நிறுத்தச் சொல்றேன்டா."

"பின்னால டீலியா வீடு. அவ பாத்தா ரேடியோவே வேண்டாம்."

கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் மலக்கி மகளைப் பார்க்க கால்வே நகருக்குப் போகும் நாளில் கியோ வரலாம் என்று இறங்கி வந்தான். 22, வியாழன். என் தம்பியின் உயிர் இன்னொருவர் ஊரில் இல்லாத நாளுக்காகக் காத்திருக்கிறது.

நவம்பர் 7

இன்றும் பேச்சு, வேறு ஊர். அட்டையைக் கேளுங்கள், அட்டையைக் கேளுங்கள். என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

நவம்பர் 18, ஞாயிறு

ஃபின்டன் பூசைக்கு வரவில்லை. கூப்பிட்டால் தலைவலியாம், குமட்டலாம். விஷவாயு உள்ளே போனாலும் இதே அறிகுறிகள்தான்.

"பாய்லரை அணைடா. ஜன்னலைத் திற."

"வெளிய பனி கொட்டுதுக்கா. சாதாரண ஜுரம்தான்."

"இங்க வந்து படு. நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"ஆட்டை யார் பாக்கறது? உன் அலாரம்தான் இருக்கே, அது மூச்சே விடலை. அப்புறம் என்ன பயம்?"

அதைக் கேட்டதும் எனக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது. இருந்தாலும் அணைச்சுடு என்றேன். சரி சரி என்றான்.

நவம்பர் 20

ஃபின்டன் போயிட்டான்.

தபால்காரர்தான் பார்த்தாராம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறான். பாய்லர் எரிந்துகொண்டிருந்தது.

நவம்பர் 21, புதன்

சுவரில் ரெண்டு திருகாணிதான் இருக்கு. அலாரத்தைக் காணோம்.

போலீஸ்காரர் எடுத்துக் காட்டினார். மேசை டிராயருக்குள்ள, துடைக்கிற துணிக்கு அடியில. பேட்டரியைத் தனியாக் கழட்டிப் பக்கத்துல வெச்சிருக்கான்.

டீலியா அழுதுகொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை மலக்கி மேட்ச் பாக்க வந்திருந்தான்ல. அவன் வர்றப்பல்லாம் ஃபின்டன் அதை எடுத்து உள்ள வெச்சிடுவான் நோரீன். உள்ள கிடந்து கத்தி மானத்தை வாங்கிடப் போவுதுன்னு பேட்டரியையும் கழட்டிடுவான். எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சான்."

எங்கிட்டச் சொல்லலையேடி! உன்கிட்டச் சொன்னான், எங்கிட்டச் சொல்லலையே! மூச்சே விடலைன்னானே, அது எங்க கிடக்குதுன்னு நான் ஏன் கேக்கல? ஒரு வார்த்தை. மாட்டியிருக்காடான்னு ஒரு வார்த்தை.

பாய்லரைப் பொருத்தியது யார் என்று போலீஸ்காரர் வீடு வீடாகக் கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லையாம். ஒருத்தனுக்கும் தெரியாது! நான் சொன்னேன். பெயரை எழுத்துக்கூட்டியே சொன்னேன்.

நவம்பர் 22

கியோ வந்திருந்தார், என் வீட்டுக்கு. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

நவம்பர் 23, வெள்ளி

குழி வெட்டும் இடத்துக்குச் சாண்ட்விச்சும் விஸ்கியும் எடுத்துக்கொண்டு போனேன். நான்தானே போக வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்?

குழிக்குள் இறங்கி நின்றவன் மலக்கி. மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டானாம், கால்வேக்குப் போகவில்லையாம். என்னைப் பார்த்ததும் எல்லாரும் மண்வெட்டியை நிறுத்தினார்கள். அவன் மட்டும் நிறுத்தவில்லை.

"என் பேரைச் சொன்னியாமே."

"சொன்னேன்."

"சரி."

மறுபடி வெட்டினான். அதே கல்லறைக்குள் இருக்கும் அப்பாவின் சவப்பெட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று அவனுக்குத்தான் தெரியும், அவனே முன்பு வெட்டியது. மண்வெட்டி பாறையில் பட்டபோதெல்லாம் அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பிறகுதான் புரிந்தது.

எல்லாருக்கும் ஊற்றினேன். அவன் கோப்பை வேண்டாம் என்று தலையசைத்தான். "புடிங்க மலக்கி" என்று நீட்டினேன். வாங்கிக் குடித்தான். வெறுத்துவிட வேண்டும் என்றே கிளம்பிப் போனவள் நான். முடியவில்லை. அதுதான் இப்போதும் எரிகிறது.

டிசம்பர் 25

ஒரு தட்டுதான் எடுத்து வைத்தேன்.

ஜனவரி 15, செவ்வாய்

பங்கு மண்டபத்தில் மறுபடி பேச்சு. போகவே மனமில்லை. அலுவலகத்தில் வேறு யாரையாவது அனுப்புகிறோம் என்றார்கள். வேறு யாருக்கு இந்த ஊரைத் தெரியும்?

மண்டபம் நிறைந்திருந்தது. சுவர் ஓரமெல்லாம் ஆட்கள். எனக்காக வந்தார்கள், ஃபின்டனுக்காக வந்தார்கள். மலக்கி வரவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை, எப்போது முடியும் என்று கேட்டால் மாதக் கணக்கு சொல்கிறார்கள். அட்டையைக் கேளுங்கள் என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்தது. முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்றைக்காவது உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

வாசலில் அலாரம் கொடுத்துக்கொண்டிருந்தபோது டீலியா வந்து என் கையைப் பிடித்தாள்.

"நல்லாப் பேசினே நோரீன். ஃபின்டன் கேட்டிருந்தா பெருமைப்பட்டிருப்பான்." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "வியாழக்கிழமை மலக்கி எங்க வீட்டு பாய்லரைப் பாக்க வர்றான். தப்பா எடுத்துக்காத. அவனா கேக்கலை, நான்தான் கூப்பிட்டேன். மனுஷன் ஒடைஞ்சு போயி வீட்டுலயே முடங்கிக் கிடக்கான், யாரும் ஒரு வேலையும் கொடுக்கறதில்லை. நாமளும் கைவிட்டா எப்படி?"

ஒரு அலாரத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள், காட்டினேன். பிறகு கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"அவன் வந்துட்டுப் போனப்புறம் மாட்டிக்கறேன், என்ன?"