ஓரத்துக்கு வராத கலங்கள்

செப்ரெம்பர் 8, திங்கள்
இன்றும் ஆய்வுகூடத்தில் ஆட்டு விதையைச் சீவல்களாக வெட்டி சிலைட்டில் ஒட்டினேன். கிடாய்க்குட்டி பிறக்கும்போது விதையின் சின்னக் குழாய்களுக்குள் நடுவில் கிடக்கும் உயிர்க்கலங்கள், வாரம் செல்லச் செல்ல ஓரச் சுவருக்கு நகர்கின்றன. சுவரில் ஒட்டியவைதான் பின்னாளில் விந்தை உண்டாக்கும். நான் பார்க்கும் நீர்வேலி ஊர்க் குட்டிகளில் எல்லாம் ஒழுங்காக நகர்ந்திருக்கின்றன. ஒழுங்காக நடந்தால் யார் பார்ப்பார்கள்?

செப்ரெம்பர் 11, வியாழன்
என்னோடு ஆய்வு செய்யும் ஐரிஸின் சிலைட்டைப் பார்த்துவிட்டு எங்கள் பேராசிரியர் ஞானரட்ணம் சேர் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். நலமடித்து விதையெடுத்த கரையோரக் குட்டிகள் இரண்டு. ஒன்பது வாரமாகியும் கலங்கள் நடுவிலேயே. "கரையோர ஆடு பிந்தித்தான் முத்துது போலை. இது புதுசு, பிள்ளை." அவளைப் பிள்ளை என்கிறார். என்னை ஜெசிதா என்கிறார். யப்பான் மாநாட்டுக்கு எங்கள் இருவரில் ஒருவரைத்தான் அனுப்பலாமாம்.
பொறாமைதான். எழுதிவிட்டேன்.

செப்ரெம்பர் 12
ஐரிஸ் எனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடிக்கவில்லை.

செப்ரெம்பர் 17, புதன்
அவளுடைய கோப்பைப் புரட்டினேன் — கேட்காமல்தான். மிருக வைத்தியரின் துண்டுச் சீட்டில்: "பிறப்பு அந்தோனியார் திருநாள். நலமடித்தது ஓகஸ்ற் 15. குருநகர், லூர்த்தம்மா வீடு." பக்கத்தில் ஐரிஸ் பென்சிலால் யூன் 13 என்று எழுதியிருக்கிறாள்.
லூர்த்தம்மா என் மாமி. எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் யூனில் திருநாள் இல்லை. அப்போது கடலில் நல்ல தொழில் என்று யூலை முதல் ஞாயிறுக்குத் தள்ளிவைப்பார்கள். மெதடிஸ்ற் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே தெரியும்? கலண்டரைப் பார்த்திருக்கிறாள்.
மாமிக்கு ஃபோன் எடுத்தேன். "ஓமடி, அந்தோனியார் சுருவம் சுத்தி வர வெளிக்கிடேக்கைதானே ஆடு ரெண்டையும் போட்டது."
அப்படியென்றால் ஒன்பது வாரமல்ல, ஆறு வாரம்கூட நிறையவில்லை. அந்த வயதில் கலங்கள் நடுவில் இருந்தால் என்ன புதுமை?
இப்பவே அவளுக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டன். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவன்.

செப்ரெம்பர் 26, வெள்ளி
கருத்தரங்கில் எழும்பி, அந்தத் திருநாள் யூலையில்தானே என்று கேட்டேன். ஐரிஸின் முகம் வெளிறிப்போனது. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு இனித்தது — எழுத வெட்கமாயிருக்கிறது.
பிறகு சேர் பலகைக்குப் போய், அந்த இரண்டு குட்டிகளையும் ஆறு வாரத்துக்கு மாற்றி எழுதினார். எங்களிடம் நான்கு வாரக் குட்டிகள் இருந்தன, எட்டு வாரக் குட்டிகள் இருந்தன, இடையில் ஒன்றுமில்லை. சிலைட்டை மறுபடி திரையில் போட்டார். நடுவில் இருந்த கலங்களில் சில சுவரை நோக்கிக் கால் நீட்டிக்கொண்டிருந்தன. "சுவருக்கு வெளிக்கிடுற நேரம். இதைத்தானே இவ்வளவு நாளும் தேடினனாங்கள்."
ஐரிஸ் வெளியில் வந்து என் கையைப் பிடித்தாள். "நீர் சொல்லாட்டில் அங்கை போய் வெட்கப்பட்டிருப்பன். துண்டை எப்ப பாத்தனீர்?"
"இண்டைக்குக் காலமைதான்," என்றேன்.

செப்ரெம்பர் 29
ஐரிஸ்தான் போகிறாள்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்
மாநாட்டில் தொங்கவிடும் பதாகையை அச்சுக்குக் கொடுக்குமுன் பிழை பார்த்துத் தரச் சொன்னாள். பார்த்தேன். அடியில், மிகச் சின்ன எழுத்தில்: "குட்டிகளின் வயதை உரிய நேரத்தில் திருத்தித் தந்த தோழி ஜெசிதாவுக்கு நன்றி."
பென்சிலை வைத்துக்கொண்டு அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். 'உரிய நேரத்தில்' என்பதை வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.