செவ்வாய், வெள்ளி மட்டும் அறுபடும் நெட்

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்றும் நெட் போய்விட்டது. முஃபீதா 'ப' சொல்வதற்காக உதட்டை ஒட்டியவள் அப்படியே திரையில் நின்றுபோனாள். என் வீட்டுக்காரரும் உதட்டை ஒட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்தால்தான் இவரும் திறக்க வேண்டும். அவள் திறக்கவே இல்லை.

நான் ஓடிப்போய் மோடத்தை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன். எல்லாம் திரும்ப வருவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தால் மறுபடி போகிறது.

ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு வலது கையும் காலும் அசைவதில்லை, பேச்சும் இல்லை. நாம் சொல்வது புரிகிறது. சொல்ல நினைப்பது வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று இவர் ஊர்ப் பெயரைக் கூப்பிட்டால் அந்தக் கடைசி டீக்கடை வரைக்கும் கேட்கும். கண்டக்டர் வேலைக்கு இவர் விசிலே வைத்துக்கொண்டது கிடையாது.

ஆனாலும் முஃபீதா கிடைத்தாளே. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். வாரத்தில் இரண்டு நாள் கம்ப்யூட்டரில் வந்து பைசா வாங்காமல் சொல்லித்தருகிறாள். பிறந்தது எங்கள் பக்கம், மேலப்பாளையம். முதல் நாளே "அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?" என்று அவள் கேட்டதும் இவர் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. புத்தகத் தமிழில் கேட்டிருந்தால் அப்படி ஆகியிருக்காது.

4 ஜூன், புதன்

கேபிள்காரர் கிங்ஸ்லி வந்தார். மோடத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஏதோ கருவியைச் செருகிப் பார்த்தார்.

"அக்கா, வெளிச்சம் நல்லா வருது. பச்சையா எரியுது பாருங்க. எங்க லைன்ல ஒரு கோளாறும் இல்ல."

"அப்போ ஏன் தம்பி போவுது?"

"அதான் எனக்கும் தெரியல."

தெரியவில்லை என்று ஒத்துக்கொள்கிற ஆள். பிடித்திருந்தது. போகும்போது இவர் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, உங்க பஸ்ல எத்தன வாட்டி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்றார். இவர் தலையாட்டினார். நிஜமாகவே ஞாபகம் இருந்ததா, மரியாதைக்கா என்று தெரியவில்லை.

6 ஜூன், வெள்ளி

மறுபடியும்.

இன்றைக்கு 'பஸ்' வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, உதடு ஒட்டி, இதோ இதோ என்று வரும்போது திரை நின்றுவிட்டது. இவர் இடது கையால் மேசையில் ஓங்கி அடித்தார். கண்ணில் தண்ணீர்.

எனக்கும் தாங்கவில்லை. கிங்ஸ்லிக்குப் போன் பண்ணிக் கத்திவிட்டேன். நீங்க வந்து பச்ச பச்சன்னு காட்டிட்டுப் போயிட்டீங்க, இங்க ஒரு மனுசன் ஒரு வார்த்தைக்குச் செத்துக்கிட்டு இருக்காரு, உங்களுக்கு என்ன தெரியும்னு. "மறுபடியும் வந்து பாக்கேன்க்கா" என்று மட்டும் சொன்னார் அவர்.

அது என்ன, செவ்வாய் வெள்ளி மட்டும்? யார் கண் பட்டது எங்கள் மேல்?

8 ஜூன், ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் விஜி பேசினாள். இந்தக் கம்ப்யூட்டரே அவள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியதுதான்.

"எம்மா, அழுது என்ன செய்ய? ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்ப்போம். மொதல்ல போன்ல வைஃபை போட்டு ஒரு படத்த ஓட விடு. அதே நேரம் கம்ப்யூட்டர்லயும் ஒண்ண ஓட விடு. எது நிக்குதுன்னு பாரு."

இவர் உள்ளே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். போனில் ஒரு படம், கம்ப்யூட்டரில் ஒரு கச்சேரி. நான் தையல் மிஷினில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டே இரண்டையும் பார்த்திருந்தேன். மில் சங்கு ஊதும்வரை இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு திக்கல் கூட இல்லை.

லைனும் சரி. கம்ப்யூட்டரும் சரி. அப்புறம் யாரிடம்தான் கோளாறு?

விஜி சிரிக்காமல் சொன்னாள்: "சரி, அடுத்த வாட்டி போகும்போது ஒடனே எதையும் அணைக்காதம்மா. ஸ்கிரீன்ல மூலையில என்ன எழுதியிருக்குன்னு படி. மோடத்துல எந்த லைட்டு அணையுதுன்னு பாரு. அணைச்சுட்டா தடயமே போயிரும்."

என் வயிற்றில் பிறந்தவள் எனக்குப் பொறுமை சொல்லித்தருகிறாள். நல்லாயிருக்கட்டும்.

10 ஜூன், செவ்வாய்

காலையில் மின்சாரம் இல்லை. போனில் பேசினோம். சின்னத் திரை; இவருக்கு வலப்பக்கப் பார்வையும் குறைவு. முஃபீதாவின் வாய் எங்கே இருக்கிறதென்றே தேடிக்கொண்டிருந்தார். சீக்கிரமே களைத்துப்போனார்.

முஃபீதா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். சொல்வதற்கு அவளுக்கே சங்கடம்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இங்கன காத்திருக்கவங்க நெறைய. பயிற்சி ஒழுங்கா நடக்காத நேரத்த வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லுதாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் பிடிச்சு வச்சிருக்கேன். அதுக்குள்ள எப்படியாவது சரிபண்ணுங்க. அண்ணாச்சிக்கு இப்பதான் வாய் எழும்பப் பார்க்குது."

எங்களுக்காக அவள் மேலே உள்ளவர்களிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் அழவில்லை. வாசலில் போய்ச் சாரலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அகத்தியமலைப் பக்கம் முழுக்க மேகம்.

12 ஜூன், வியாழன்

கிங்ஸ்லி மோடத்தையே மாற்றிவிட்டுப் போனார். நான் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எங்கம்மாவும் இப்படித்தான் ஏசுவாங்க" என்றார்.

13 ஜூன், வெள்ளி

எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை.

விஜி சொன்னபடி நான் மோடத்துக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். பயிற்சி ஆரம்பித்தது. முதலில் சின்னச் சின்ன ஒலிகள். நெட் நன்றாகவே இருந்தது. பிறகு முஃபீதா ஒரு பஸ் படத்தைக் காட்டி, "இது என்ன அண்ணாச்சி? அவசரம் இல்ல" என்றாள். இவர் முக்கினார். முக்க முக்க— போய்விட்டது.

எதையும் தொடாதே உலகம்மா, படி, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திரையின் மூலையில் இருந்தது: கேபிள் செருகப்படவில்லை. மோடத்தில் மற்ற விளக்கெல்லாம் எரிகிறது. கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரின் விளக்கு மட்டும் அணைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாக எரிந்தது. மறுபடி அணைந்தது.

ஒயர்! இத்தனை நாளும் நான் மோடத்தை அணைத்துப் போட்டதால் வந்தது என்று நினைத்ததெல்லாம் தானாக வந்திருக்கிறது.

மேசைக்கு அடியில் குனிந்தேன். சக்கர நாற்காலி நுழைய வேண்டும் என்று சிபியு பெட்டியை நான்தான் திருப்பி வைத்திருந்தேன். அதன் பின்பக்கம் இவர் காலைப் பார்த்து இருக்கிறது. ஒயர் செருகும் இடத்தில் பிடித்துக்கொள்கிற சின்னக் கொக்கி உடைந்து, ஒயர் சும்மா தொற்றிக்கொண்டிருந்தது. அந்த ஒயர் மேல் இவர் கால்.

வலது கால்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. காலை நகர்த்தி வைப்போம் என்றுதான் கையை நீட்டினேன். மேலே இவர் இன்னும் அந்தப் பஸ்ஸோடு மல்லாடிக்கொண்டிருந்தார். "ம்ப்... ம்ப்..." என்று சத்தம் வந்தது. அப்போது அந்தப் பாதம் முன்னால் நகர்ந்தது. கட்டை விரல் மடங்கி, பாதம் ஒயரைத் தள்ளியது. மூச்சு விட்டதும் பின்னால் வந்தது. மறுபடி "ம்ப்..." மறுபடி தள்ளியது.

ஜனவரிக்குப் பிறகு அந்தக் கால் அசைந்து நான் பார்த்ததில்லை. குளிப்பாட்டும்போது, துடைக்கும்போது, தூக்கி வைக்கும்போது, எப்போதுமே அது என் கையில் கனத்துக் கிடக்கும். ஆஸ்பத்திரியில் "அசையுங்க" என்று சொன்னால் அசையாது. இங்கே, மேசைக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், வாரத்தில் இரண்டு நாள் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. பேச முக்கும்போதெல்லாம். அதனால்தான் செவ்வாய். அதனால்தான் வெள்ளி.

நான் ஒயரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திரை வந்துவிட்டது போல. முஃபீதா குரல் கேட்டது.

"அக்கா? எங்கன இருக்கீங்க?"

"மேசைக்கு அடியில இருக்கேம்மா. நீ கேளு. அவரப் பஸ்ஸு சொல்லச் சொல்லு."

"என்னக்கா ஆச்சு?"

"கால்... இவரு கால் அசையுதும்மா. கால் அசையுது."

அப்புறம் யார் என்ன பேசினோம் என்று சரியாக நினைவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். முஃபீதா சென்னையில் அழுதுகொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் ஒன்றும் புரியாமல் குனிந்து என்னைப் பார்த்தார். நான் பாதத்தைத் தொட்டு, பிறகு விரலை அசைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை என் தலையில் வைத்தார்.

பஸ் இன்று வரவில்லை. பரவாயில்லை.

14 ஜூன், சனி

ஆட்டோ பிடித்து அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோதெரபி டாக்டர் முழுதாகக் கேட்டார். பேசச் சொல்லிக் காலையும் பார்த்தார். பேச முக்கும்போது தானாக வருகிற அசைவுதான் இது, இவர் நினைத்து அசைப்பதில்லை, அதனால் பெரிதாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, "ஆனா மூளையில இருந்து காலுக்குப் போற வழி அடைஞ்சு போகல. அது நல்ல சேதி" என்றார். திங்கள் முதல் காலுக்குப் புதுப் பயிற்சி.

அந்த ஒரு வரி போதும் எனக்கு.

சாயங்காலம் கிங்ஸ்லி புது ஒயரைக் கொண்டுவந்து சுவரோரமாக ஆணி வைத்து அடித்துக் கொடுத்தார். பெட்டியை மேசை மேல் ஏற்றி வைத்தார். நடந்ததைச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இவர் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இத்தன நாளா என் லைன ஒதைச்சது நீங்கதானா?"

இவர் சிரித்தார். சத்தமாக. கோணலாக, ஒரு பக்க வாயால், ஆனால் பழைய சத்தம். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

17 ஜூன், செவ்வாய்

முழு நேரமும் நடந்தது. ஒரு முறை கூட நிற்கவில்லை. 'பஸ்' வந்தது. 'பச்சு' மாதிரிதான் வந்தது. முஃபீதா அதுவே போதும் என்றாள்.

8 ஜூலை, செவ்வாய்

எங்கள் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். முஃபீதாவே தேடிப்போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்டு வந்து சொன்னாள்.

காலுக்குத் தினமும் காலை மாலை பயிற்சி. இவருக்குக் கோபம் வருகிறது, எனக்கும் வருகிறது. நேற்று நான் சிடுசிடுத்தேன். இன்று பாதத்தைத் தேய்த்துவிடும்போது அவரே நினைத்துக் கட்டை விரலை மடக்கிக் காட்டினார். சண்டை அத்தோடு தீர்ந்தது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

என் பெயரைச் சொல்ல வைக்க வேண்டும் என்று முஃபீதாவுக்கு ஆசை. "அக்கா பேரு என்ன அண்ணாச்சி? உல...?"

இவர் என்னைப் பார்த்தார். யோசித்தார். "உலக்க" என்றார், தெளிவாக.

முஃபீதா வாயைப் பொத்திக்கொண்டாள். இவருக்கே தப்பு தெரிந்து தலையில் அடித்துக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விஜியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவளும் சிரித்தாள், பிறகு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

உலக்கையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கூப்பிட ஆள் இருக்கிறதே.

2 செப்டம்பர், செவ்வாய்

கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே நடந்தார். நான் பிடித்திருந்தேன். ஆனால் கனம் என் மேல் இல்லை.

17 அக்டோபர், வெள்ளி

தீபாவளி நெருங்கிவிட்டது. ரவிக்கை கேட்டு வருகிறவர்கள் கூட்டம். காலையிலிருந்து மழை வேறு.

முஃபீதா இப்போது செவ்வாய் மட்டும்தான். வெள்ளி நேரத்தைக் களக்காட்டில் ஒருவருக்குக் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டாள். "குடு" என்றார் இவர், நான் வாயைத் திறப்பதற்குள்.

இன்று நாலு கால் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னறைக்கு வந்து, வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடை முதலாளி மாதிரி. ஒரு பெண் ரவிக்கை கேட்டு வந்தாள். உள்ளே தைத்து மடித்து வைத்திருக்கிறேன். இவர், "நாளைக்கு... வா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்.

"தச்சு ரெடியா இருக்கு. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மழ," என்றார். "துணி... நனையும்."

"அவ குடை வச்சிருந்தா!"

"ஓட்ட... குடை."

அவர் சொன்னது சரி. ஓட்டைக் குடைதான், நான்தான் கவனிக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் நானும் பேசினேன், அவரும் விடவில்லை. சாப்பாட்டின்போதும் அதே பேச்சுத்தான். அதிலிருந்து விஜிக்கு என்ன புடவை எடுப்பது என்று போய், அங்கிருந்து மணிமுத்தாறு ரோட்டில் பஸ் எங்கே திருப்புவது என்று எங்கேயோ போய்விட்டது. வார்த்தை சிக்கும்போது கையால் காட்டினார். நான் பொத்தானுக்குத் துளை போட்டுக்கொண்டே கேட்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மழைக்கோட்டோடு கிங்ஸ்லி வந்து நின்றார்.

"அக்கா, கோச்சுக்கிடாதீங்க. ரோட்டுல மரம் விழுந்து கேபிள் அறுந்துட்டு. காலையில இருந்து இந்தப் பக்கம் யாருக்கும் லைன் இல்ல. எல்லாரும் போன்ல ஏசுதாங்க. நீங்க மட்டும் ஒரு போன் கூட பண்ணல. அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு ஏதும் ஆயிட்டோன்னு பதறிட்டு வாரேன்."

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நெட் போனது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"தெரியல," என்றார் இவர். கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வார்த்தையைத் தேடி எடுத்து வைத்தார். "பேசிட்டு... இருந்தோம்."

கிங்ஸ்லி மழைக்கோட்டைக் கழற்றி வாசல் கம்பியில் போட்டார். நான் காபி போட எழுந்தேன்.